வழுவோடு சொல்லப்பட்ட ஓர் எண்

நாலு குவார்க்குகள் சேர்ந்த துகளைத் தேடுவது பணக்கார நாடுகளின் வேலை, மானிப்பாயில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அதில் என்ன அலுவல் என்று கேட்பவர்கள் உண்டு. கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊரில் இப்படிக் கேட்பது விசித்திரந்தான். மறுமொழி ஒரு கூட்டல் கணக்கில் இருக்கிறது. இரண்டு சார்ம் குவார்க்குகளும் இரண்டு இலேசான எதிர்க்குவார்க்குகளும் சேர்ந்தால் திணிவு எவ்வளவு வரும் என்று 2017இல் கார்லினர், ரோஸ்னர் என்ற பௌதிகவியலாளர்கள் கணித்தார்கள். மெகா இலத்திரன்வோல்ற் அலகில் சார்ம் இரண்டுக்கும் 3421, இலேசானவைக்கு 726, மொத்தம் 4147. பாரமான சார்ம் இரண்டும் நெருங்கி இறுகுவதால் 129 கழியும்; இலேசானவை எதிரெதிர்ச் சுழற்சியோடு சோடி சேர்வதால் 150 கழியும்; சார்ம்களின் சுழற்சியால் 14 கூடும். விடை 3882, வழு 12. 2021இல் சேர்னின் எல்எச்சிபி குழு அந்தத் துகளை 3875இல் கண்டது.

தெரிந்த துகள்களை வைத்துப் பொருத்திய எண்கள்தானே, பொருந்தியதில் என்ன புதினம் என்று கேட்கலாம். ஆனால் இரண்டு சார்ம் கொண்ட பாரியனுக்கு, அதாவது மூன்று குவார்க்குத் துகளுக்கு, 2014இலேயே அவர்கள் 3627 என்றார்கள். மூன்று வருடம் கழித்து 3621 என்று அளக்கப்பட்டது. இதைவிட வலுவான மறுப்பு 2003இலிருந்து வருகிறது. கோட்பாடு சொன்ன இடத்திலேயே ஐங்குவார்க்குத் துகளொன்றைக் கண்டதாகப் பல ஆய்வுகூடங்கள் அறிவித்தன. தரவு கூடக்கூடத் துகள் காணாமற்போயிற்று. ஆகவே எண் பொருந்தினால் மட்டும் போதாது, பிழைத்துப்போக இடமிருந்த எண்ணா என்றும் பார்க்கவேண்டும். அந்த வகையில் சார்ம் துகள் முழுப் பரீட்சையல்ல. அது இரண்டு துகள்களாக உடையக்கூடிய திணிவெல்லையும் 3875ஐ ஒட்டியே இருக்கிறது. வழு 12 என்றால், துகள் கட்டுண்டிருக்குமா இல்லையா என்பதைக் கணக்கு சொல்லவேயில்லை. சார்முக்குப் பதில் இன்னும் பாரமான பொட்டம் குவார்க்குகள் இரண்டைப் போட்டால் நழுவ முடியாது. பாரம் கூடக் கட்டு இறுகும்: கணிப்பு 10389, உடையும் எல்லைக்கு 215 கீழே. அங்கே தவறினால் முறையே தவறு.

சென்னையில், தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் பத்மநாத் இதே துறையில்தான் வேலை செய்கிறார். மும்பையின் நீல்மணி மாத்தூர், அர்ச்சனா ராதாகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, ஒரு பொட்டமும் ஒரு சார்மும் கொண்ட துகள் எல்லைக்குச் சுமார் 43 கீழே கட்டுண்டிருக்கும் என்று 2024இல் காட்டினார். அதற்குப் பெரிய கணினி வேண்டும், எங்களிடம் இல்லை, உண்மைதான். முதற்சொன்ன கணக்குக்குத் தாளும் பேனையும் போதும். பொருளாதார நெருக்கடிக் காலத்திலும் அதற்குச் செலவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு அதையே செய்திட்டமாகக் கொடுக்கலாம்: ஒரு சார்மை எடுத்துவிட்டுப் பொட்டத்தைப் போட்டு, சென்னைக்காரரின் 43க்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்க்கட்டும்.