செவிக்கும் வயிற்றுக்கும்

எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் மூன்றும் கூடும் பட்டப்பின் படிப்பு ஏழை நாடுகளுக்கு வேண்டாத ஆடம்பரம் என்பாருளர். முதலில் வயிற்றுக்கு, பின்னரே செவிக்கு என்று வள்ளுவனையே தலைகீழாக்கும் இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம்.

1967 நவம்பரில், போரை எதிர்த்து, அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வட வியட்நாமுக்குச் சென்றார், இத்துறையைப் புதிதாய்க் கட்டியெழுப்பிய அலெக்சாண்டர் குரோத்தெண்டீக். ஹனோயிலிருந்து கிராமப்புறத்துக்கு இடம்பெயர்ந்திருந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் நிகழ்த்தினார். அவற்றைக் குறிப்பெடுத்த ஹோவாங் சுவான் சின் என்ற ஆசிரியை, அவர் வழிகாட்டலில் ஆய்வுசெய்து 1975இல் பாரிசில் கலாநிதியானார்.

உணவுக்கும் விடுதலைக்கும் போராடிய அம்மக்கள் சிந்தனையை ஒத்திவைத்தனரா? இல்லை. உயர்ந்த அறிவு செல்வந்த நாடுகளின் முதுசொமன்று. ஏழை மாணவனிடம் ‘உனக்கு இது போதும்’ என்பது இரக்கமுமன்று. அவன் கையிலிருந்து ஏட்டைப் பறிக்கும் செயலே.