லேத் பட்டறை தண்டனைக் கூடமா?

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டியிருக்கும்!" மதுரைப் பக்கத்தில் இந்த மிரட்டலைக் கேளாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மிகக் குறைவு. பெற்றோர் சொல்வார்கள், சில வேளைகளில் ஆசிரியர்களும் சொல்வதுண்டு. வில்லாபுரத்தில் குடியிருந்துகொண்டு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த வாக்கியம் இரு வகையில் தவறாகப் படுகிறது. முதலாவதாக, அது உழைப்பவரை இழிவுபடுத்துகிறது. இரண்டாவதாக, அறிவு வகுப்பறையில் மட்டுமே இருக்கிறது, பட்டறையில் இருப்பது வெறும் கைவேலை என்ற பொய்யை மாணவர் மனத்தில் விதைக்கிறது.

பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவரும், ஆணாயினும் பெண்ணாயினும், லேத்தில் ஒரு பேனாவையாவது கடைந்து பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. அதுவும் எளிதில் வசப்படாத ஒரு பொருளிலிருந்து கடையவேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

லேத் என்பதைத் தமிழில் கடைசல் எந்திரம் என்கிறோம். துளைப் பொறியில் கருவி சுழலும், பொருள் அசையாமல் இருக்கும். லேத்தில் நேர்மாறாகப் பொருள் சுழலும், உளி மெல்ல நகர்ந்து அதைச் சீவும். தொட்டில் கால்களையும் நடைவண்டிச் சக்கரங்களையும் நம் ஊர்க் கடைசல்காரர்கள் இப்படித்தான் செய்துவந்தார்கள். பேனாவும் அதே வழியில்தான் பிறக்கிறது. ஒரு தண்டைச் சக்கில் பிடித்து, நடுவில் துளையிட்டு, வெளிப்புறத்தைச் சீவி, மூடிக்கும் உடலுக்கும் மரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றவேண்டும். சொல்வதற்கு நான்கு வரி; செய்து பார்த்தால்தான் பொருளின் குணம் தெரியும்.

எபோனைட்டை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரை நீங்கள் அறிவீர்கள். நிலைமின்னியல் பாடத்தில் கம்பளியால் தேய்த்தவுடன் எதிர்மின்னூட்டம் பெறுகிறதே, அதே எபோனைட் தண்டுதான். ஆனால் அது எதனால் ஆனது என்று கேட்டால் பல மாணவர்கள் விழிக்கிறார்கள். 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். சாதாரண ரப்பர்ப் பொருள்களில் கந்தகம் சிறிதளவே இருக்கும். எபோனைட்டிலோ எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகமே. அதனால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டு, இழுபடும் தன்மை மறைந்து, கருங்காலி மரம்போல் கறுத்து இறுகிவிடுகின்றன. மையிலுள்ள அமிலம் அதை எளிதில் அரிக்காது. ஆகவேதான் பழைய ஊற்றுப் பேனாக்களை எபோனைட்டில் செய்தார்கள்.

இதைத் துளையிடும்போது ஒரு தொல்லை உண்டு. உராய்வால் வெப்பம் பிறக்கிறது. இரும்பாக இருந்தால் அந்த வெப்பம் தண்டு முழுவதும் பரவிவிடும். எபோனைட் வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும் பொருள். சூடு துளையிலேயே தங்கிவிடுகிறது. கந்தக நாற்றம் எழும், பொருள் இளகும், துளைப்பான் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் டர்னர் சிறிது துளைத்ததும் துளைப்பானை வெளியே இழுத்து, சீவலை அகற்றி, ஆறவிட்டு மீண்டும் துளைக்கிறார்.

ஆறியபின் அளப்பதற்கும் காரணம் உண்டு. எபோனைட்டின் நீள்விரிவுக் குணகம் எஃகைப்போல ஏறத்தாழ 6 அல்லது 7 மடங்கு. டிகிரிக்குச் சுமார் 0.00008 எனலாம். 10 மில்லிமீட்டர் துளை ஒன்று 40 டிகிரி சூடேறினால் 10 × 0.00008 × 40, அதாவது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் விரியும். தலைமயிரின் பருமனைவிடக் குறைவுதான். ஆனால் சூட்டோடு அளந்து சரியென்று விட்ட மூடி, ஆறியதும் இறுகி நின்றுவிட இது போதும். தேர்வுத் தாளில் விரிவுக் குணகக் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவர்கள் ஏராளம். 0.03 மில்லிமீட்டர் என்பது விரல் நுனியில் எப்படித் தட்டுப்படும் என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்?

உராய்வால் பிறக்கும் இந்த வெப்பம் அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மம் என்று அறிஞர்கள் நம்பிவந்த காலத்தில், ரம்ஃபோர்டு பிரபு ஜெர்மனியின் மியூனிக் நகரில் பித்தளைப் பீரங்கிகளைத் துளையிடும் வேலையை மேற்பார்வையிட்டார். துளையிடத் துளையிட வெப்பம் வற்றாமல் வருவதைக் கண்டு வியந்தார். மழுங்கிய கருவியால் நீருக்குள் துளைக்கச் செய்தபோது இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தே விட்டது. இவ்வளவு வெப்பம் பொருளுக்குள் முன்பே அடைபட்டிருக்க முடியாது, அது இயக்கத்திலிருந்தே பிறக்கவேண்டும் என்று அவர் 1798-ல் எழுதினார். அந்த உண்மை வெளிப்பட்ட இடம் ஒரு பட்டறை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, நம் பனைமரம். தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையின் ஓலையில்தான் நம் முன்னோர் எழுதினார்கள். அதன் தண்டிலிருந்தே எழுதுகோல் கடையலாமே! ஆனால் பனை, தேக்கைப்போல் அன்று. அதற்கு ஆண்டு வளையங்கள் இல்லை. மென்மையான சோற்றுக்குள் கறுத்த கடினமான நார்க்கற்றைகள் பதிந்திருக்கின்றன. விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கும். உளி ஒரு சுற்றுக்குள் பலமுறை கடினத்தையும் மென்மையையும் மாறிமாறிச் சந்திக்கிறது. நார் அறுபடாமல் பிய்ந்து வரும். இதற்கு வழி என்ன? உளி கூர்மையாக இருக்கவேண்டும். சீவல் மெல்லியதாக இருக்கவேண்டும். வேகம் அதிகமாக இருக்கவேண்டும். அரிவாளை மெல்ல நகர்த்தினால் புல் சாய்ந்துகொடுக்கும்; வீசினால் அறுந்துவிழும். புல்லுக்கு நிலைமம் இருப்பதால் விரைந்து வரும் அரிவாளுக்கு அதனால் விலகிக்கொடுக்க முடிவதில்லை. பனைநாரும் அப்படியே.

வேகம் என்றவுடன் ஒரு கணக்கும் வருகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், அதன் மேற்பரப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 மீட்டர் ஓடுகிறது. சீவிச் சீவி விட்டம் 8 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதே சுழற்சியில் 38 மீட்டர்தான். கோணத்திசைவேகம் மாறவில்லை, நேர்த்திசைவேகம் குறைந்துவிட்டது. சீவல் வரும் தன்மை மாறுவதைக் காதால் கேட்டே டர்னர் இதை உணர்ந்துகொள்கிறார்.

நம் வறண்ட நிலங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மரத்தை விறகாகவும் கரியாகவுமே பெரும்பாலும் எரிக்கிறோம். உண்மையில் அதன் கட்டை கனமானது. ஈரம் வற்றும்போது மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்குகிறது. பேனாவுக்கு இது அரிய குணம். சுருங்கும் மரத்தில் வட்டமாக இட்ட துளை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஆந்திராவின் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்தார். அந்தப் பேனா ஜே.சி. குமரப்பாவின் வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அதை எழுதிப் பார்த்த காந்தியடிகள், கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935-ல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குமரப்பா, தம் இறுதிக் காலத்தை நம் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960-ல் மறைந்தவர். இன்றும் திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் எபோனைட் பேனாக்கள் கையால் கடையப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. மதுரைக்குத் தெற்கே சாத்தூரில் பேனா நிப்புத் தொழில் ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பந்துமுனைப் பேனா பரவியதும் நலிந்தது. இன்று நம் கையிலிருப்பது பெரும்பாலும் எழுதித் தீர்ந்ததும் தூக்கியெறியும் பிளாஸ்டிக். அது எப்படிச் செய்யப்பட்டது என்று நாம் கேட்பதுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அது நியாயமானதே. "இது குலக்கல்வி போல் இருக்கிறதே?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 1953-ல் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்ற திட்டம் வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-ல் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. அந்தத் திட்டம் தச்சர் மகனைத் தச்சனாகவே நிறுத்திவைக்கப் பார்த்தது. நான் கேட்பது அதற்கு எதிரானது. மருத்துவர் மகளும் கூலித் தொழிலாளி மகனும் ஒரே லேத்தின் முன் நிற்கவேண்டும். பாட நேரம் குறையக் கூடாது. இதுவே பாடமாக வேண்டும். தொழிலைப் பிறப்போடு கட்டிய முடிச்சு அப்போதுதான் அவிழும்.

செலவு? ஒவ்வொரு பள்ளிக்கும் லேத் வாங்கவேண்டியதில்லை. அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தையோ பட்டறையையோ ஆண்டுக்குச் சில நாட்கள் பயன்படுத்தலாம். அனுபவமுள்ள டர்னர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியராக அழைக்கலாம். அவர் ஆசிரியர் அறையில் நாற்காலியில் அமர்ந்திருப்பதை மாணவர்கள் பார்ப்பதே ஒரு பாடம்.

ஆபத்து? உண்டு, மறைக்கக் கூடாது. தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த சட்டைக் கை, கையுறை ஆகிய எதுவும் லேத்தின் அருகே ஆகாது. கண்ணாடி அணியவேண்டும், சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு எந்திரத்தை ஓட்டக் கூடாது, பெரியவர் துணையின்றித் தொடவே கூடாது. அமிலக் குடுவையை எச்சரிக்கையோடு கையாளக் கற்றுக்கொடுக்கும் பள்ளியால் இதையும் கற்றுக்கொடுக்க முடியும்.

மாணவ நண்பர்களே! பள்ளிகள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குப் பெற்றோருடன் சென்று, அங்குள்ள டர்னரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பித்தளைக்கும் மரத்துக்கும் ஏன் வேறுவேறு உளிமுனை? எந்தப் பொருள் உங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது? அதை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? அவர் சொல்லும் விடைகளை எழுதிக்கொண்டு வந்து, உங்கள் இயற்பியல் புத்தகத்தில் அவை எந்தெந்தப் பாடத்தில் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். விடை கிடைக்காத இடங்களை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.