அது ரத்தத்தில் இல்லை சார்!

'அவங்க ரத்தத்துலயே ஊறினது சார்!' ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஒரு அடிதடி நடந்தால் போதும், டீக்கடை முதல் டி.வி. வரை இந்தத் தீர்ப்பு வந்துவிடும். எண்ணூர் குழந்தைக்கு வீசிங் என்றாலும் அதே தீர்ப்புதான்: பரம்பரை.

இந்தப் பரம்பரை ஜோசியர்களுக்கு ஒரு புழுவைச் சிபாரிசு செய்கிறேன். பெயர் சி.எலிகன்ஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர். சிட்னி பிரென்னருக்கும் இரண்டு சகாக்களுக்கும் 2002-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது.

அதன் செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற நூல், ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுக்குப் பெயர் குரோமாட்டின். 'இந்த ஜீனைப் படி, அதைப் படிக்காதே' என்று உருண்டைகளின் மேல் ரசாயனக் குறிகள் உண்டு. 'நான் இனப்பெருக்க செல்' என்ற ஞாபகம் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. அதை அடுத்த தலைமுறைக்குப் பத்திரமாகக் கொண்டுபோவது மெஸ்-4 என்ற புரதம். வேண்டாத பழைய குறிகளைத் துடைப்பது எஸ்.பி.ஆர்-5.

துடைப்பவர் இல்லாவிட்டால்? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவு இது: ஆரம்பத் தலைமுறைகளில் பெரிய பாதிப்பில்லை. பழைய குறிகள் சேர்ந்துகொண்டே போயின. இருபது முப்பது தலைமுறையில் வம்சவிருத்தியே நின்றுபோகும் நிலை.

உடனே 'எண்ணூர் மாசும் இப்படித்தான் ஜீனில் ஒட்டிக்கொள்ளும்' என்று புது ஜாதகம் எழுதக் கிளம்பாதீர்கள். மனிதர்களில் அது நிரூபணமாகவில்லை. எண்ணூரில் தலைமுறை தலைமுறையாகச் சேர்வது செல்லுக்கு வெளியே, கண்ணெதிரே கிடக்கிறது. கொசஸ்தலை முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய். மறுபடியும் வெறும் கையாலும் வாளியாலும் மீனவர்களே அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா.

ஒரு மில்லிமீட்டர் புழுவே துடைப்பதற்கென்று தனி இலாகா வைத்திருக்கிறது. நாமோ கமிட்டி போடுகிறோம், அறிக்கை வாங்குகிறோம், சாம்பலை அப்பாவிடமிருந்து மகனுக்கு மாற்றி எழுதுகிறோம்.

'ரத்தம்' என்று சொன்னால் பழி பிறந்தவன் மேல் விழும், கொட்டியவன் நழுவிவிடுவான். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்தக் கம்பெனி சார்?'