கிழித்துப் போட்ட கடிதம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் புத்தகங்கள் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தது. மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை வாங்கலாம் என்று நான் சொன்னேன். குழுவிலிருந்த மூத்த அன்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவர் என் நண்பர், வரும் ஞாயிற்றுக்கிழமையும் அவரைப் பார்த்தாக வேண்டும்) உடனே மறுத்தார். "அந்தப் பையன் பக்கத்துக்குப் பக்கம் பொய் சொல்கிறான் ஸார். கோழி திருடுகிறான், சுருட்டு பிடிக்கிறான். நம் குழந்தைகளுக்கு அரிச்சந்திரன் கதை இருக்கும்போது இது எதற்கு?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான், வழக்கம்போல, பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த ஆட்சேபணையை முதலில் கிளப்பியவர் நம் நண்பர் அல்லர். நாவல் அமெரிக்காவில் வெளிவந்த 1885-ஆம் ஆண்டிலேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கன்கார்ட் என்ற ஊரின் பொது நூலகம், நாகரிகமானவர்கள் படிக்கத் தகாதது என்று அதை விலக்கி வைத்தது. எமர்சனும் தோரோவும் வாழ்ந்த ஊர் அது! ஆகவே நம் நண்பர் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

ஹக் பொய் சொல்கிறான் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்புவதற்காகத் தான் கொலையுண்டது போல ஜோடனை செய்துவிட்டு ஓடுகிறவன் அவன். மிஸ் வாட்சன் என்ற அம்மாளின் அடிமையான ஜிம்மும் ஓடி வருகிறான். இருவரும் ஒரு கட்டுமரத் தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றோடு போகிறார்கள். கரை தட்டும் இடமெல்லாம் ஹக் புதுப் பெயர், புது ஊர், புதுக் குடும்பம் என்று கதை கட்டுகிறான். ஆனால் அந்தப் பொய்களையெல்லாம் ஒரே கணக்கில் எழுதிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு இரவு மூடுபனியில் ஹக்கின் சிறு தோணி தெப்பத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. ஜிம் இரவெல்லாம் கூவித் தேடி, பையன் போய்விட்டான் என்று மனம் உடைந்து, களைத்துத் தூங்கிப் போகிறான். ஹக் திரும்பி வந்து, நான் எங்கேயும் போகவில்லையே, நீ கனவு கண்டாய் என்று விளையாட்டுக்குச் சொல்கிறான். ஜிம் அதை நம்பிக் கனவுக்குப் பலன்கூடச் சொல்லிக் கொண்டிருக்கிறான். பிறகு தெப்பத்தில் கிடக்கும் முறிந்த துடுப்பையும் சருகையும் குப்பையையும் ஹக் காட்டும்போது, ஜிம்முக்கு விஷயம் புரிகிறது. அன்பு வைத்தவனை வெட்கப்பட வைத்து வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் குப்பை என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான். ஓர் அடிமையிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தன்னைத் தயார்ப்படுத்திக் கொள்ள ஹக்குக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் போய்க் கேட்கிறான். அதற்குப் பிறகு ஜிம்மிடம் அப்படி மட்டமாக விளையாடுவதில்லை என்று அவன் தீர்மானித்துக் கொள்கிறான். அந்தக் கால் மணி நேரம் என்ற கணக்கை ட்வைன் எழுதி வைத்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும். திருந்தினான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த அத்தியாயத்திலேயே துப்பாக்கியோடு இரண்டு பேர் ஓடிப்போன அடிமைகளைத் தேடி வருகிறார்கள். தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கிறார்கள். ஹக் அப்போது ஜிம்மைக் காட்டிக் கொடுக்கத்தான் தோணியில் கிளம்பி வந்திருக்கிறான்! ஆனால் வாயில் வருவது 'வெள்ளையன்' என்ற பதில். குடும்பத்துக்கு நோய் என்று இழுத்து இழுத்துப் பேசி, அது பெரியம்மை என்று அவர்களே ஊகிக்கும்படி செய்துவிடுகிறான். அவர்கள் கிட்டே வர அஞ்சி, ஆளுக்கு இருபது டாலர் தங்கக் காசை ஒரு பலகையில் வைத்து மிதக்க விட்டுவிட்டுப் போகிறார்கள். ஹக்குக்கோ தான் செய்தது தப்பு என்றே படுகிறது. காட்டிக் கொடுத்திருந்தாலும் மனசு இப்படித்தானே கனத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்து, கணக்குப் புரியாமல் விட்டுவிடுகிறான்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். கூட வந்த ஓர் ஏமாற்றுக்காரன் ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறான். ஹக்கின் மனசாட்சி அவனைப் பிடுங்குகிறது. எந்த மனசாட்சி? ஞாயிற்றுக்கிழமை பாடசாலையும் ஊர்ப் பெரியவர்களும் சட்டமும் சேர்ந்து ஊட்டிய மனசாட்சி. ஒரு ஏழை அம்மாளின் உடைமையைத் திருட உதவினாய், நரகம்தான் என்கிறது அது. பிரார்த்தனை செய்யப் பார்க்கிறான், வரவில்லை. ஜிம் இருக்கும் இடத்தைத் தெரிவித்து மிஸ் வாட்சனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவினாற்போல் மனசு லேசாகிவிடுகிறது.

நம் நண்பரை நான் இங்கே சற்று நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். அந்தக் கடிதத்தில் ஒரு பொய் உண்டா? கிடையாது. இடம், ஆள், விவரம் எல்லாம் நிஜம். ஹக் அந்தப் பயணத்தில் செய்த காரியங்களில் உலகம் மெச்சக்கூடிய நேர்மையான காரியம் அது ஒன்றுதான். அது போய்ச் சேர்ந்திருந்தால் ஜிம்மின் வாழ்வு முடிந்தது. ஹக் அதைக் கையில் வைத்துக் கொண்டே, தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்துத் தன்னைத் தூங்க விட்ட ஜிம்மை நினைக்கிறான். பிறகு, நரகத்துக்கே போகிறேன், போகட்டும் என்று கிழித்துப் போடுகிறான்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று சொல்லியிருக்கிறாரே, இதில் என்ன புதுமை என்று சிலர் கேட்கலாம். வித்தியாசம் உண்டு. நமக்கு வள்ளுவர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஹக்குக்கு யாரும் கொடுக்கவில்லை. தான் செய்வது நல்லது என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது. நரகம் உண்டு, தான் அங்கே போவோம் என்று நிஜமாகவே நம்பிக் கொண்டுதான் அதைச் செய்கிறான்.

உண்மையைச் சொல்லியே அநியாயம் செய்யலாம் என்பது எனக்கு நாவல் படித்துத் தெரிந்தது அல்ல. 1978-ல் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் பீரோவில் நானூறு ரூபாய் குறைந்தது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "மாலையில் சாவி யாரிடம் இருந்தது?" "பியூனிடம்" என்றேன். நிஜம்தான். மத்தியானம் அரை மணி நேரம் எனக்கு மேலே இருந்தவர் சாவியை வாங்கிப் போயிருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்தான் எடுத்தார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் பியூன் ஒருவனையே பிடித்திருக்க மாட்டார்கள். ரத்னகிரிப் பக்கத்து ஆள், இரண்டு பெண் குழந்தைகள். வேலை போயிற்று. நான் பொய் சொல்லவில்லையே என்று அன்று ரயிலில் வீடு வரும் வரை எனக்கு நானே சொல்லிக் கொண்டு வந்தேன். ஹக் கடிதம் எழுதி முடித்ததும் அடைந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும். கிழித்துப் போட்டதுதான் தெரியாது.

ஹாதார்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில் வரும் பாதிரியாரும் இந்த வித்தையில் தேர்ந்தவர். ஏழு வருஷம் தன் பாவத்தை மறைக்கிறார். பிரசங்க மேடையில் நானே மகா பாவி என்கிறார்; அதுவும் உண்மைதான். ஆனால் கேட்பவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக் கொண்டு இன்னும் அதிகமாக வணங்குவார்கள் என்று தெரிந்தே சொல்கிறார். 'கிரேட் கேட்ஸ்பி'யில் (1925) கதை சொல்லும் நிக், தான் அறிந்த மிகச் சில யோக்கியர்களில் தானும் ஒருவன் என்று தானே சான்றிதழ் கொடுத்துக் கொள்கிறான். காரை ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றது யார் என்று தெரிந்தும் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை.

பம்பாய்க்காரர்களுக்கு, அதாவது கணக்கு வழக்கில் புழங்குகிறவர்களுக்கு, நான் சிபாரிசு செய்ய விரும்புவது வேறொரு நாவல். ஹவல்ஸ் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாஃபம்', அதுவும் 1885-ல் வந்தது. லாஃபம் வெர்மான்ட் கிராமத்திலிருந்து பாஸ்டனுக்கு வந்து பெயின்ட் வியாபாரத்தில் கொழித்தவர். கொஞ்சம் தம்பட்டம் அடிப்பவர். பழைய கூட்டாளியை லாபம் வரும் சமயம் பார்த்துக் கழற்றி விட்டவர். அதில் தப்பே இல்லை, வியாபாரம்தான் என்று சாதிப்பார். மனைவிதான் ஒப்புக் கொள்ள மாட்டாள். பிறகு நொடிந்து போகிறார். கட்டிக் கொண்டிருந்த புது மாளிகை எரிந்து போகிறது. இன்ஷூரன்ஸ் அதற்குச் சற்று முன்புதான் காலாவதியாகியிருந்தது. அந்த நேரத்தில் அதே பழைய கூட்டாளி ஒரு வழி கொண்டு வருகிறான். லாஃபம் கையிலிருக்கும் மில் சொத்தை வாங்க இங்கிலாந்துக்காரர்கள் தயார். ஆனால் பக்கத்தில் ஓடும் ரயில்வே கம்பெனி நினைத்தால், அந்தச் சொத்தைத் தான் சொன்ன விலைக்கே விற்க வைத்துவிட முடியும். விற்றால் பிழைத்துக் கொள்ளலாம், சட்டமும் குறுக்கே நிற்காது. இரவு முழுவதும் அவர் மாடியில் நடக்கும் சத்தம் மனைவிக்குக் கேட்டுக் கொண்டே இருக்கிறது. விற்பதில்லை. சொத்தெல்லாம் போய்க் கிராமத்துக்கே திரும்புகிறார். இதற்குத்தான் 'உயர்வு' என்று ஆசிரியர் தலைப்பு வைத்தார்! ஹக் போலக் கடைசியில் அதிர்ஷ்டம் கைகொடுக்கும் கதையும் அல்ல இது.

மார்க் ட்வைனே இப்படி ஒரு சோதனையில் சிக்கியவர். அவருடைய பதிப்பகம் 1894-ல் திவாலாயிற்று. சட்டப்படி முழுக் கடனையும் அடைக்க வேண்டியதில்லை. ஒரு காசு பாக்கியில்லாமல் தீர்ப்பது என்று மனைவியும் அவரும் முடிவு செய்து, அறுபது வயதில் உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்யக் கிளம்பினார். 1898-க்குள் அடைத்தும் விட்டார். அந்தச் சுற்றில்தான் 1896 ஜனவரியில் நம் பம்பாய்க்கு வந்தார். இங்கே ஹோட்டலில் ஒரு ஜெர்மானியர், வேலைக்காரன் ஒருவனைக் காரணம் சொல்லாமல் அறைந்ததைப் பார்க்கிறார். அறை வாங்கியவன் வாய் திறக்கவில்லை. ட்வைனுக்கு உடனே ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மிசௌரி ஞாபகம் வருகிறது. தன் தகப்பனாரும் அடிமைப் பையனைச் சின்னத் தவறுக்கெல்லாம் அறைந்தவர்தான் என்று பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். தகப்பனார் நல்லவர், அன்பானவர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். அதைச் சேர்த்ததால்தான் எனக்கு அந்தப் பக்கம் உறுத்துகிறது.

நாவலில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதியில் டாம் சாயர் வந்து, ஜிம்மை மீட்கிறேன் என்று வாரக்கணக்கில் கோமாளித்தனம் செய்கிறான். மிஸ் வாட்சன் இறந்து, உயிலில் ஜிம்முக்கு விடுதலை எழுதி வைத்தது டாமுக்கு முதலிலேயே தெரியும். விளையாட்டு கெட்டுவிடும் என்று சொல்லாமல் மறைக்கிறான். கடிதத்தைக் கிழித்த அதே ஹக், முணுமுணுத்துக் கொண்டே இதற்கெல்லாம் உடன்படுகிறான். எனக்கு இது இரண்டு முறை படித்தும் ஒப்பவில்லை. ஜிம்மின் பக்கத்தை ட்வைன் பாதிதான் எழுதினார் என்ற மனக்குறையும் உண்டு. பெர்சிவல் எவரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் 2024-ல் 'ஜேம்ஸ்' என்ற நாவலில் அதே கதையை ஜிம்மின் வாயாலேயே சொல்லியிருக்கிறார். 2025-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அதில் அடிமைகள் வெள்ளையர் எதிரில் வேண்டுமென்றே கொச்சையாகப் பேசி, தங்களுக்குள் செம்மையாகப் பேசிக் கொள்கிறார்கள். உயிர் பிழைப்பதற்காக வாய் திறக்கும்போதெல்லாம் நடிக்க வேண்டியிருப்பவனிடம் போய் நேர்மை பற்றி யார் பாடம் நடத்துவது?

என் பேத்திக்கு வாங்கிக் கொடுத்த சுருக்கப் பதிப்பில், கடித விவகாரம் ஒன்றரை வரியில் முடிந்துவிட்டது. பனிமூட்டமும் மன்னிப்பும் அடியோடு இல்லை. தெப்பம், புதையல், மாறுவேஷம் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. அதைப் படிக்கும் குழந்தை, நம் நண்பர் சொன்னபடி, ஒரு பொய்காரப் பையனின் சேட்டைகளைத்தான் படிக்கும்.

ஆகவே முழு நாவலையே வாங்க வேண்டும் என்று குழுவுக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் வார்த்தை நிறைய வருவதால், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பெரியவர் யாராவது உடனிருந்து படிக்கும்படி கொடுக்கலாம். உடனிருக்க நான் தயார், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல். பிரதியின் விலையையும் நானே தந்துவிடுகிறேன். நண்பரும் வந்து உட்கார்ந்தால் சந்தோஷப்படுவேன். அரிச்சந்திரனை அவர் சொல்லட்டும்.