இணைப்பு இருக்கிறது என்று கணினி சொன்னால் போதுமா?

கணினித் திரையின் மூலையில் இருக்கும் அந்தச் சிறு குறியை நாம் எல்லோரும் நம்புகிறோம். அது எதைப் பார்த்து இணைப்பு உண்டென்று சொல்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 2007இல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்த காலம் முதல் மைக்ரோசொப்ட் கையாளும் வழி எளிமையானது. அந்நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து ஒரு சிறிய எழுத்துக் கோப்பைக் கணினி கேட்கும். எதிர்பார்த்த சொற்கள் அப்படியே வந்து சேர்ந்தால் இணையம் உண்டென்று அறிவிக்கும். அவர்கள் வாசல் திறந்திருந்தால் உலகமே திறந்திருக்கிறது என்பது அதன் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு போதாதது என்பதைக் கண்டி 2018 மார்ச்சில் காட்டியது. திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை நாடு முழுவதும் முடக்கப்பட்டன. பேஸ்புக் மீதான தடை மார்ச் 15இல்தான் நீங்கியது. இணையம் அறுபடவில்லை, அதன் சில கதவுகள் மாத்திரம் பூட்டப்பட்டன. இத்தகைய பூட்டைக் கணினியின் குறி கண்டுகொள்ளாது.

தடைக்கு நியாயமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனமே 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் வெறுப்பைப் பரப்பியவனைத் தடுத்த அதே பூட்டு, ஊரடங்கில் அகப்பட்ட தாய் கடல்கடந்திருக்கும் மகனுக்கு "பத்திரமாக இருக்கிறோம்" என்று செய்தி அனுப்புவதையும் தடுத்தது. வி.பி.என். தெரிந்த இளைஞர்கள் சுற்றுவழியில் போனார்கள். தெரியாத முதியவர்கள் கைத்தொலைபேசி பழுதென்று நினைத்திருப்பார்கள்.

பழுதா, தடையா என்று பிரித்தறியப் பெரிய வித்தை தேவையில்லை. சில வரிகளில் எழுதப்படும் ஒரு ஸ்கிரிப்ட் போதும். அது வரிசையாக நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டு ரவுட்டர் பதில் தருகிறதா? வெளியுலகில் ஓர் எண் முகவரி பதில் தருகிறதா? தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் கிடைக்கிறதா? அந்தத் தளத்தின் பக்கம் உண்மையில் வந்து சேர்கிறதா? முதலாவதிலேயே நின்றால் குறை வீட்டுக்குள். இரண்டாவதில் நின்றால் பெரும்பாலும் இணைப்பு வழங்குநரின் பக்கம். மற்றத் தளங்கள் எல்லாம் திறக்க, குறிப்பிட்ட சில மாத்திரம் திறக்காவிட்டால் தடையைச் சந்தேகிக்கலாம். வெளிநாட்டு நண்பர் ஒருவருக்கு அதே தளம் திறக்கிறதென்றால் சந்தேகம் வலுக்கும். சில சேவையகங்கள் 'பிங்' கேள்விக்குப் பதில் தருவதேயில்லை என்பதால் ஒரு தோல்வியை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு எழுதி வைத்தால் ஒரு நாளைக்கு 288 வரிகள். அது வெறும் கோப்பல்ல, சாட்சியம்.

சாட்சியம் எதற்கு? 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் சமூக வலைத்தளங்கள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் 3இல், அரசுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கத் தயாரான நாளில், மீண்டும் மூடப்பட்டு அன்றே திறக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது தொடர்பை அறுத்தது இயற்கை. கண்டியில் இருக்கும் பிள்ளையின் குரலுக்காகத் தொரண்டோவில் காத்திருக்கும் தாய்க்கு இரண்டும் ஒரே மௌனம்தான். மௌனம் நீளும் இடத்தில் வதந்தி குடியேறும் என்பது பத்திரிகைத் தொழில் கற்றுத் தந்த பாடம்.

எனவே அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்தத் தளம், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை மூடப்படுகிறது என்பதை அந்தந்த வேளையிலேயே மூன்று மொழிகளிலும் அறிவியுங்கள். அறிவிப்பு வரும்வரை காத்திராமல், கணினி தெரிந்த பிள்ளைகள் இந்தச் சிறு பதிவேட்டைத் தங்கள் வீடுகளில் ஓடவிடட்டும். இணைப்பு நின்றது எப்போது என்று கேட்டால், நினைவிலிருந்து அல்லாமல் ஏட்டிலிருந்து பதில் சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்க வேண்டும்.