கத்தியில்லாத சத்திரசிகிச்சை



"மூளையில் இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றனவாம். தலையைத் திறக்காமல் கதிர் பாய்ச்சி மாற்றலாம் என்கிறார்களே, உண்மையா?" என வாசகி ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் ஒரு விடயத்தை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

நாடியில் வேகமாக வரும் இரத்தம், மயிர்த்துளைக் குழாய்களினூடாகத் தணிந்தே நாளத்தை அடைகிறது. சிலரது மூளையில் ஓரிடத்தில் இந்த நுண்குழாய்கள் இருப்பதில்லை. நாடியும் நாளமும் நேரே பிணைந்து, சிக்குப்பட்ட நூற்பந்து போலக் கிடக்கும். அந்த அமுக்கத்தைத் தாங்காமல் குழாய் வெடிக்கலாம். சிகிச்சையின்றி இருப்போரில், ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இரத்தக்கசிவு ஏற்படுகிறது. சிலருக்கு வலிப்புத்தான் முதல் அறிகுறி. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைக் கொடுத்துவிட்டுப் பார்வை பார்க்க அலைவது வீண்.

சுவீடன் வைத்தியர் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய 'காமா கத்தி' 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெயரில் மட்டுமே கத்தி. கோபால்ற்றிலிருந்து வரும் ஏறத்தாழ 200 கதிர்கள் பல திசைகளிலிருந்தும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. தனித்தனியே அவை வலுக்குறைந்தவை. சந்திக்குமிடத்தில்தான் வலு சேர்கிறது. பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சிக்கலின் அளவையும் இடத்தையும் பார்த்தே வைத்தியர் முடிவெடுப்பார். எல்லோருக்கும் இது பொருந்தாது.

வீடு திரும்பியதும் நோய் மாறிவிட்டதா? இல்லை. குழாய்ச் சுவர் மெல்லத் தடித்து அடைபட 2 முதல் 3 ஆண்டுகள் செல்லும். முற்றாக அடைபடும்வரை இரத்தக்கசிவு ஆபத்து நீங்காது. சிலருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்படலாம்.

இதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். வீட்டு வேலை, பிள்ளைகளின் பரீட்சை, பஸ் செலவு என்று நம்மில் பலர் கிளினிக்கை இடையில் விட்டுவிடுகிறோம். இந்நோயில் அது கூடாது. அடைபட்டது ஸ்கேனில் உறுதியாகும்வரை திகதி தவறாமல் செல்லுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை பெற விரும்புவோர் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் மாமியாருக்கும் காரணத்தை விளக்குங்கள். அவரும் உங்களுக்குத் துணையாவார்.

திடீரெனத் தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, கை கால் விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஏற்பட்டால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.