இராட்சதக் கதண்டு: மெய்யும் பீதியும்

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் “கொலைகாரக் கதண்டு” என்னும் பெயர் உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் அடிபட்டது. அதன் படத்தைக் காட்டி, “இது நம் தோப்பிலும் வந்துவிட்டதோ?” என்று விசாரிக்கும் குடியானவர்கள் இன்றும் உளர். ஆகவே, இவ்விஷயத்தில் மெய் இன்னது, பீதி இன்னது என்று பிரித்தறிதல் அவசியமாகும்.

ஆசியாக் கண்டத்துக்குரிய இப்பூச்சியின் ராணி ஏறக்குறைய 2 அங்குல நீளமுள்ளது. 2019-ஆம் ஆண்டில் கனடா தேசத்து நனைமோ நகரிலும், பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்து பிளெயின் பகுதியிலும் இது காணப்பட்டது. இதனால் முக்கியமாக நஷ்டமடைபவர் தேனீ வளர்ப்போரே. சில டஜன் கதண்டுகள் சேர்ந்தால், சில மணி நேரத்தில் ஒரு பெட்டித் தேனீக்களை அழித்துவிடும். ஐரோப்பியத் தேனீ ஒவ்வொன்றாக எதிர்த்து மடியும். ஜப்பானியத் தேனீக்களோ ஒருங்கே கதண்டைச் சூழ்ந்து, சுமார் 46 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமூட்டிக் கொல்லும். நமது பொந்துத் தேனீ அதே ஜாதியைச் சேர்ந்தது. மனிதரை இக்கதண்டு தேடி வந்து கொட்டுவதில்லை. கூட்டைக் கலைத்தால் திரண்டு தாக்கும். வட அமெரிக்காவில் இதனால் ஒருவரும் இறக்கவில்லை.

பெயரைக் கேட்டுப் பீதியுற்ற ஜனங்கள் செய்த காரியம் யாது? பயனுள்ள தேனீக்களையும் குளவிகளையும் கதண்டென எண்ணிக் கொன்றனர். ஆனால், பூச்சியைப் பிடித்து அதிகாரிகளிடம் காட்டியவர்களும் இருந்தனர். 2020-ல் வாஷிங்டனில் உறுதியான தகவல்களில் பாதி, பொதுஜனங்கள் அளித்தவையே. அவ்வாண்டு அக்டோபரில், பிடிபட்ட கதண்டின் மீது சிறு ரேடியோக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, அதைப் பின்தொடர்ந்து மரப்பொந்திலிருந்த முதற்கூட்டைக் கண்டுபிடித்தனர். 2021-ல் மேலும் 3 கூடுகள் அழிக்கப்பட்டன. அதன்பின் ஒன்றும் தென்படாமையால், 2024 டிசம்பரில் இப்பூச்சி அந்நாட்டில் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றியைத் தந்தது பயமன்று; கவனமே என்பது என் அபிப்பிராயம்.

இராட்சதக் கதண்டு தென்னாட்டுக்குரியதன்று. நம் பனையிலும் தென்னையிலும் கூடு கட்டுபவை வேறு ஜாதிக் கதண்டுகள். அவற்றாலும் உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. ஆகையால் அவற்றை அலட்சியம் செய்யலாகாது. எனினும், குளவியினம் முழுவதையும் பகையாகக் கருதுவது பேதைமை. 2008-ல் கோயம்புத்தூரில் தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரிப் பயிர்களைப் பாழாக்கிய மாவுப்பூச்சியை அடக்கியவை, 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளே. கண்ட பூச்சிக்கெல்லாம் மருந்து தெளிப்பவர், இத்தகைய உபகாரிகளையும் சேர்த்தே அழிக்கிறார்.

ஆகவே, புதிய பூச்சியைக் கண்டால், செத்துக் கிடப்பதொன்றைப் புட்டியிலிட்டு, கண்ட இடமும் தேதியும் எழுதி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு அனுப்புக. வீட்டருகே கதண்டுக் கூடு இருப்பின், இளைஞர்கள் பந்தங்கொளுத்தி மரமேற இடங்கொடாமல், தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல கொட்டுகள் பட்டவரையும், ஒரே கொட்டில் மூச்சுத் திணறுபவரையும் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் வதந்தியை ஆராயாமல் மேலிடத்துக்கு எழுதுவதினும், பூச்சியையே அனுப்புதல் நன்று. பூச்சி இன்னதென்று தெரிந்தபின் பரிகாரம் எளிது. தெரியாமுன் எடுக்கும் மருந்து வீண் செலவேயாகும்.